ஐ5-7600கே ஓவர்கிளாக்: எங்கிருந்து தொடங்குவது?

இன்டெல் ஐ5-7600கே பிராசசரை இசட்270 மதர்போர்டில் எப்படி ஓவர்கிளாக் செய்வது, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல ஜோடி. பி250 போர்டாக இருந்தால் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி எண்ணைக் கூட்டவே முடியாது.

100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை கிளாக்கைப் பெருக்கியால் பெருக்கினால் வருவதுதான் வேகம். டர்போவில் தானாக 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் சிப் இது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) நான்கு கோர்களுக்கும் பெருக்கியை 45 என வையுங்கள், 4.5 கிடைக்கும். அடிப்படை கிளாக்கைத் தொடவேண்டாம்.

கவனம் வேண்டியது சிப்புக்குக் கொடுக்கும் வோல்டேஜில்தான். வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், அதனால் மட்டுமே சுமார் 27 சதவீதம் கூடுதல் சூடு. 'ஆட்டோ'வில் விட்டால் பல போர்டுகள் தேவைக்கு மேலேயே கொடுத்துவிடும். அதனால் நீங்களே 1.25-இல் தொடங்குங்கள். சிப்பை முழுப் பளுவில் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் ஓடும்போது கணினி உறைந்தாலோ நீலத்திரை வந்தாலோ 0.02 கூட்டிப் பாருங்கள். 1.35-ஐத் தாண்டச் சொல்லமாட்டேன். 100 டிகிரியில் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், 80-ஐ ஒட்டி நிறுத்துவதே நல்லது.

அப்புறம், இந்த மாடலின் பெட்டியில் கூலர் வராது. நல்ல டவர் கூலர் மாட்டிவிட்டே ஆரம்பியுங்கள். ராமின் எக்ஸ்எம்பியை (ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இதெல்லாம் நிலைப்பட்ட பிறகு இயக்குங்கள், இல்லையென்றால் கோளாறு எதில் என்று பிரித்தறிவது கஷ்டம்.