பாரோவா, லெண்டா? சீன மாணவரின் குழப்பம்

நீங்கள் ஆங்கிலம் சொல்லித்தரும் சீன மாணவர், பேனா இரவல் கேட்கும்போது “கேன் யூ பாரோ மீ எ பென்?” என்கிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அப்படிக் கேட்பது தவறுதான். அங்கே ‘லெண்ட்’ வர வேண்டும். இரவல் வாங்குபவர் செய்வது ‘பாரோ’, கொடுப்பவர் செய்வது ‘லெண்ட்’.

பலமுறை திருத்தியும் மாறவில்லை என்கிறீர்கள். அது கவனக்குறைவு இல்லை, பாவம். சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் இரண்டுக்கும் ‘ஜியே’ என்ற ஒரே வினைதான். கொடுப்பதைக் காட்ட ‘ஜியே கெய்’ என்று ‘கெய்’ சேர்ப்பார்கள்.

அதனால், வாக்கியத்தை முதலில் மாண்டரினில் சொல்லச் சொல்லுங்கள். ‘ஜியே’வை ஒட்டி ‘கெய்’ வந்தால் ‘லெண்ட்’.

ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் ‘கெய்’யை விட்டுவிட்டு, ‘ஜியே வோ’ என்றே ‘எனக்கு இரவல் கொடு’ என்பார்கள். அப்போது ‘பேனா யார் கையிலிருந்து போகிறது?’ என்று கேளுங்கள். அவரே எழுவாய் என்றால் ‘லெண்ட்’.