அறிவியல் மாணவருக்குச் சமூகவியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரியில் இளநிலை இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குச் சமூகவியலை ஒரு பருவத்துக்கு விருப்பப் பாடமாக வைத்து, நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே ஒரு மாணவர், "இதெல்லாம் அவரவர் அபிப்பிராயம்தானே, சார்?" என்று கேட்டுவிட்டார். பாடநூலோ சமூகவியலின் முன்னோடியான ஆகஸ்ட் கோம்ட்டில் தொடங்கி வரையறைகளாகவே நீள்கிறது. எங்கிருந்து தொடங்கினால் இவர்களுக்குப் பிடிபடும்?
(கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: கோம்ட்டை நான்காம் வாரத்துக்குத் தள்ளி வையுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் மாணவர்களுக்கு அளவீடும் கருவிப் பிழையும் நன்றாகத் தெரியும் என்பதால், அங்கிருந்தே தொடங்கலாம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஒரு பெண்ணிடம் முதலில், "நீங்கள் வேலை ஏதும் பார்க்கிறீர்களா?" என்று கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கேன்" என்பதே பலருடைய பதிலாக இருக்கும். அடுத்து, நேற்று அதிகாலை 4 மணி முதல் இன்று அதிகாலை 4 மணி வரை என்னென்ன செய்தார் என்பதை அரைமணி அரைமணியாகக் கேட்டுக் குறிக்கட்டும். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றியது, இரண்டு கட்டு பீடி சுற்றியது, ரேஷன் கடை வரிசையில் நின்றது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது என்று தாள் நிரம்பிவிடும்.

ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு கேள்விகள், இரண்டு அளவுகள். எது சரி என்று வகுப்பில் விவாதம் எழும்போது, 'அபிப்பிராயம்' என்ற சொல் தானாகவே பின்வாங்கிவிடும். ஏனெனில் அங்கே பேசப்படுவது எதை 'வேலை' என்று எண்ணுவது, அதை யார் முடிவு செய்தார்கள் என்பதைப் பற்றித்தான். இரண்டாவது கேள்வி என் கற்பனையன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இப்படித்தான் கேட்டார்கள். ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்டவர்களுள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள் என்று அதில் தெரியவந்தது.

பயிற்சியின்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரான் தன்னை அளப்பவர் யார் மகன் என்று பார்ப்பதில்லை. மனிதர்களோ கணவர் அருகில் இருந்தால் ஒரு பதிலும் இல்லாவிட்டால் வேறொரு பதிலும் சொல்வார்கள். இந்த வேறுபாட்டைப் பிழையென்று ஒதுக்கிவிடாமல் அதையே தரவாக எடுத்துக்கொள்வது அறிவியல் மாணவர்களுக்குப் புதிது. இரண்டு வகுப்புகளாவது இதில் நின்று பேசுங்கள்.

அதன்பின் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமுக்கு வரலாம். தற்கொலை மிகத் தனிப்பட்ட செயலாகத் தோன்றினாலும், அதன் விகிதம் ஒவ்வொரு சமூகத்திலும் ஆண்டுதோறும் பெரிதும் மாறாமலும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபட்டும் இருப்பதை அவர் 1897-இல் எடுத்துக்காட்டினார். கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்டுகளிடம் விகிதம் கூடுதலாக இருப்பதற்குச் சமூகப் பிணைப்பின் தளர்ச்சியே காரணம் என்றார். கத்தோலிக்கப் பகுதிகளில் தற்கொலைகள் வேறு வகை மரணங்களாகப் பதிவாகியிருக்கலாமே என்று பிற்காலத்தில் எழுந்த ஆட்சேபத்தையும் அதே மணிநேரத்தில் சொல்லிவிடுங்கள். முன்னைய பயிற்சியைச் செய்தவர்கள் இந்த ஆட்சேபத்தைத் தாங்களே எழுப்பினாலும் வியப்பதற்கில்லை.

கேள்வி: கைப்பேசிப் பழக்கங்களைப் பற்றிக் கூகுள் படிவம் ஒன்றை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து 900 பதில்கள் திரட்டினேன். கவனமாகத் தேர்ந்தெடுத்த 60 பேர் இதைவிட மேல் என்கிறார் என் நெறியாளர். எண்ணிக்கை கூடினால் பிழை குறையும் என்றுதானே படித்தோம்?
(முதுநிலை வேதியியல் மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: குறைவது தற்செயல் பிழை மட்டுமே. வெர்னியர் அளவியில் சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே சுழியைக் காட்டாத குறை) இருந்தால், அதை நீக்காமல் ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் பிழை அப்படியேதான் இருக்கும். அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, திரும்பி வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களுள் 46 அவர் பக்கம் போயின. சுமார் 50,000 பேரை மட்டும் வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். இதழ் பயன்படுத்திய முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களுடையவை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அவர்கள் வசதியானவர்கள். போதாக்குறைக்கு, சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரத்தை எடுத்தவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இல்லை.

உங்கள் 900 பேரில், பொத்தான் கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர் ஒருவராவது உண்டா? நெறியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திரட்டியதை வீணாக்க வேண்டாம்; எந்தக் கேள்வி குழப்பியது, எதை மக்கள் தாண்டிப் போனார்கள் என்று பார்க்க அது நல்ல முன்னோட்டம்.

கேள்வி: ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை அறிவியல் என்று அழைக்கலாமா?
(பொறியியல் மாணவர், மதுரை)

பதில்: விண்மீன்களை யாரும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்ததில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதும், மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குவதும், பிறர் சரிபார்க்கும்படி வழிமுறையை வெளிப்படையாக வைப்பதும் போதும்.

கேள்வி: பருவ இறுதியில் மாணவர்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். மூன்று நாளில் உருப்படியாக ஏதும் செய்ய முடியுமா?
(முதல் கேள்வியைக் கேட்ட ஆசிரியர்)

பதில்: முன்மாதிரி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கேள்விப் பட்டியலுடன் கிராமங்களுக்கு அனுப்பித் தகவல் திரட்டினார். உங்கள் ஊரை அடுத்த கங்கைகொண்டானும் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் அவற்றுள் அடங்கும். அவற்றை 1930-களிலும் பின்னரும் மறுஆய்வு செய்தார்கள். இருவேல்பட்டின் தொடர்ச்சி 2008 வரை வந்திருக்கிறது. இத்தனை காலத்தை ஒப்பிட முடிவது, முதலில் போனவர்கள் கண்டதை ஒழுங்காக எழுதிவைத்ததால்தான். அன்று கல்லூரிப் படிப்பை எட்ட முடிந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள், எந்தத் தெருவுக்குள் அவர்கள் தயங்காமல் நடந்திருப்பார்கள் என்ற கேள்வியையும் உங்கள் மாணவர்கள் அந்தப் பதிவுகளிடம் கேட்கவேண்டும்.

மூன்று நாளில் முழு ஆய்வு முடியாது. ஒரு வரைபடம் முடியும். கோயில், குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், சுடுகாடு ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன, எந்தத் தெருவிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரையட்டும். சாதி, கடன், நிலம் பற்றி முதல் நாளில் வாய் திறக்க வேண்டாம். வரைபடம் முடியும்போது அவற்றில் பாதியை ஊர்க்காரர்களே பேசத் தொடங்கியிருப்பார்கள். எதற்காக வந்திருக்கிறோம், பதில் சொல்ல மறுக்கலாம் என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் பெயருக்குப் பதிலாக எண்ணை எழுதுவது நல்லது. திரும்பும் முன் வரைபடத்தின் பிரதி ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். தவறாக வரைந்த இடங்களை அங்கேயே திருத்திவிடுவார்கள்.