நாக்ஸோஸ் மலைக்கிராமங்களைப் பார்க்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர்கள். கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவில் உள்ள மலைக்கிராமங்களைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. வரும் ஆகஸ்டில் இருவரையும் 6 லட்சம் ரூபாய்க்கு அழைத்துச் செல்வதாக ஒரு சுற்றுலா நிறுவனம் சொல்கிறது. அவசரத் தேவைக்கென 4 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது. மாதம் 25,000 ரூபாய் மிச்சமாகிறது. தனிநபர் கடன் வாங்கலாமா, வைப்புத்தொகையை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், ஆனால் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். 14 விழுக்காடு வட்டியில் 6 லட்சம் கடன் வாங்கி மூன்று ஆண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை ஏறக்குறைய 20,500 ரூபாய் ஆகும். வட்டி மட்டும் 1,38,000 ரூபாயைத் தாண்டும். வைப்புத்தொகையோ மருத்துவச் செலவு போன்ற நெருக்கடிக்கு உரியது. அதில் கை வைக்காதீர்கள்.

உங்கள் செலவை உயர்த்துவது ஊரைவிட மாதமே. ஆகஸ்ட் 15 அன்று கிரேக்கம் முழுவதும் மாதா திருநாள் கொண்டாடப்படுவதாலும், ஃபிலோட்டி போன்ற கிராமங்களுக்கு வெளியூரில் வாழும் சொந்த ஊர்க்காரர்கள் திரும்பி வருவதாலும், அப்போது அறை கிடைப்பதே அரிது. உங்களுக்குக் கோடை விடுமுறை வரும் மே மாதத்தில் வெயிலும் கடுமையாக இராது, கூட்டமும் குறைவு. அடுத்த ஆண்டு மே மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாக்ஸோஸுக்கு மட்டும் செல்லுங்கள். இன்னொரு தீவான சாண்டோரினியையும் சேர்த்தால் கணக்கு குலையும். ஏதென்ஸ் அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து, விரைவுப்படகை விடுத்துச் சாதாரணக் கப்பலில் ஐந்தரை மணி நேரத்தில் சேரலாம். துறைமுக ஊரில் தங்கிக்கொண்டு, கார் வாடகைக்கு எடுக்காமல், பேருந்திலேயே ஹல்கி, ஃபிலோட்டி, அப்பிராந்தோஸ் ஆகிய மூன்று கிராமங்களுக்கும் போய்வர முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து குறைவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஹல்கியில் 1896 முதல் இயங்கிவரும் வடிசாலையில் கித்ரோன் என்னும் கடாரநாரத்தை இலை மதுவைக் காய்ச்சும் செப்புக் கலங்களைப் பார்க்கலாம். அப்பிராந்தோஸின் சந்துகளில் பளிங்குக்கல் பாவியிருக்கிறது. கல் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணிக்குச் செலவிடத் தயங்காதீர்கள்.

ஒரு யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டு இரவு தங்கி வர மூன்றேகால் லட்சம் போதும் என்பது என் கணிப்பு. ஏப்ரல் தொடங்கி மாதம் 15,000 ரூபாயை ஒன்பது மாதத் தொடர்வைப்பில் (ஆர்.டி.) போட்டால், ஜனவரியில் கிடைக்கும் 1,35,000 ரூபாயும் வட்டியும் விமானச் சீட்டுக்கு உதவும். மீதி 10,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தொடர்வைப்பில் இடுங்கள். ஜனவரி முதல் விடுபடும் 15,000 ரூபாயை நான்கு மாதம் சேமிப்புக் கணக்கில் விட்டுவையுங்கள். அங்குள்ள சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் அது ஆகும். கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ கட்டணமும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கடைகளில் அட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால், யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் பெரும்பாலும் மோசமான மாற்று விகிதத்தில் பணம் போய்விடும்.