லேசர் வைத்தால் விழித்திரைக்கு ஆக்சிஜன் எப்படிக் கூடுகிறது?

“சர்க்கரை நோயால் அப்பாவின் விழித்திரைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்கிறார்கள், அதே விழித்திரையை லேசரால் சுட்டால் இன்னும் குறையத்தானே செய்யும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரைப் படம் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்கும் பலர் என்னிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். குறையாது, கூடும் என்பதே விடை.

விழித்திரைக்கு இரண்டு பக்கங்களிலிருந்து ஆக்சிஜன் வருகிறது. அதன் உட்பாதிக்குச் சொந்த ரத்த நாளங்கள் உண்டு. படத்தில் சிவப்புக் கிளைகளாகத் தெரிபவை அவைதாம். ஒளியுணர் செல்கள் இருக்கும் வெளிப்பாதியில் ஒரு நாளம்கூடக் கிடையாது. அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜன், பின்னால் உள்ள கோராய்டு என்ற படலத்திலிருந்து ஊறி வருகிறது. கோராய்டில் ரத்த ஓட்டம் மிக அதிகம். அங்கிருந்து திரும்பிப் போகும் ரத்தத்தில்கூட ஆக்சிஜன் பெருமளவு மிச்சமிருக்கும். இருந்தும் அந்த வளம் உட்பாதியை எட்டுவதில்லை. உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் செலவிடும் செல்களில் ஒளியுணர் செல்களும் அடங்கும். இடையில் இருக்கும் அவை வருவதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதிலும் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் என்ற வகையின் செலவு வெளிச்சத்தைவிட இருட்டில்தான் அதிகம் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

சர்க்கரை நோயில் முதன்மையாகக் கெடுவது உட்பாதியின் சொந்த நாளங்கள். நுண்நாளங்கள் அடைபட்டு ஆக்சிஜன் குறைந்தால், அங்குள்ள செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் முளைக்கும் புது நாளங்கள் வலுவற்றவை. அவை கசியும், உடைந்து கண்ணுக்குள் உள்ள கூழில் ரத்தம் கொட்டும், நாராக இறுகி விழித்திரையையே இழுத்துப் பிரிக்கும்.

லேசர் ஒளி தெளிவான உள் அடுக்குகளைக் கடந்துபோய், அடியில் உள்ள நிறமிப் படலத்தில் வெப்பமாக மாறுகிறது. அந்தச் சூட்டில் அழிவது பெரும்பாலும் அதை ஒட்டியிருக்கும் ஒளியுணர் செல்கள்தாம். அவை இருந்த இடத்தில் ஆறும் தழும்பு ஆக்சிஜனைச் சொற்பமாகவே செலவிடும். ஆகவே கோராய்டின் ஆக்சிஜன் அந்த இடைவெளிகள் வழியாக உட்பாதிக்குப் போய்ச் சேர்கிறது. தலைமடையில் சில வயல்களைத் தரிசாகப் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதைப் போன்றது இது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ஐஸ்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஐனார் ஸ்டெஃபான்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதலில் விலங்குகளின் கண்களில் அளந்தார்கள். பிறகு, சர்க்கரை நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போதே கண்ணுக்குள் அளந்து, லேசர் வைத்த பகுதிகளுக்கு மேல் ஆக்சிஜன் கூடுதலாக இருப்பதை 1992இல் வெளியிட்டார்கள். லேசருக்குப் பின் கண்ணுக்குள் வி.இ.ஜி.எஃப். அளவு வெகுவாகக் குறைவதை 1994இல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது.

இதை நான் கண்கூடாகப் பார்ப்பது ஃப்ளூரசீன் ஆஞ்சியோகிராமில். கையில் மஞ்சள் சாயம் ஏற்றிய சில விநாடிகளில் விழித்திரை நாளங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெறும். புது நாளங்கள் இருக்கும் இடம் மட்டும் விளிம்பு கலைந்து, புகை படர்வதுபோல் வெளுத்துக்கொண்டே போகும். லேசர் பலன் தந்த கண்ணைச் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்தால், அந்தப் புகை அடங்கி, மெலிந்த சில இழைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். சுற்றிலும் கருவிளிம்பு கட்டிய தழும்புகள் வரிசையாகத் தெரியும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் கண்ணுக்கு 800 முதல் 1,600 புள்ளிகள் வரை, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அகலத்தில் வைத்தார்கள். கடுமையான பார்வை இழப்பு பாதியாகக் குறைந்தது. கணக்குப் போட்டால் 1,500 புள்ளிகள் சுமார் 300 சதுர மில்லிமீட்டர்; முழு விழித்திரையே ஏறத்தாழ 1,100தான். நடுப்பார்வைக்குரிய மாக்குலாவைத் தவிர்த்துவிட்டு ஓரங்களில்தான் வைக்கிறார்கள் என்றாலும், பக்கப் பார்வை கொஞ்சம் சுருங்கலாம், மங்கிய வெளிச்சத்தில் தடுமாற்றம் வரலாம். மாக்குலாவில் சில காலம் வீக்கமும் கூடலாம் என்பதால் பல தவணைகளாகப் பிரித்து வைப்பதும், முன்னதாக ஊசி போடுவதும் உண்டு.

ஊசி மட்டும் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஊசி, சுரந்த வி.இ.ஜி.எஃப். புரதத்தைக் கட்டிப்போடுகிறது, ஆனால் மருந்தின் வேகம் வடிந்ததும் ஆக்சிஜன் பற்றாக்குறை பழையபடி வேலையைத் தொடங்கும். தவறாமல் வரக்கூடியவர்களுக்கு ஊசி நல்ல வழி. வெளியூரிலிருந்து வருபவர், கூட்டிவர ஆளில்லாதவர், இடையில் நின்றுவிடக்கூடியவர் என்றால் லேசரே பாதுகாப்பு என்பது என் கருத்து. அது திறந்த வழி மூடிக்கொள்வதில்லை. எது பொருந்தும் என்பதை அப்பாவின் படங்களைப் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அடைபட்ட நாளங்களை லேசர் திறந்துவிடாது. எனவே மறுநாளே பார்வை தெளியும் என்று அப்பா எதிர்பார்க்க வேண்டாம் என முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு, இரவில் அவர் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.