சிறுநீரகம் வீங்கியிருக்கிறது; ரேடியேஷன் எப்போது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. கருப்பை வாய்ப் புற்றுநோய், 3பி நிலை. இரண்டு சிறுநீரகமும் வீங்கி, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) 4.8 ஆகிவிட்டது. முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் போட்ட பிறகே சிகிச்சை என்கிறார்கள். அம்மாவுக்குச் சிறுநீர் நன்றாகத்தானே போகிறது?

பதில்: குழாய் அவசியம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் நாளம் கருப்பை வாய்க்குப் பக்கவாட்டில் சுமார் 2 செ.மீ. தள்ளித்தான் ஓடுகிறது. கட்டி பக்கவாட்டில் பரவினால் அது நெரிபடும். நெரிப்பு மெதுவாக நடப்பதால் பலருக்கு வலியே தெரியாது. அடைப்பு அரைகுறையாக இருக்கும்போது சிறுநீர் வந்துகொண்டேயிருக்கும்; கழிவுதான் ரத்தத்தில் தங்கும்.

ரேடியேஷனுடன் வாரம் ஒருமுறை தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கிரியேட்டினின் இறங்காமல் அதைத் தர முடியாது. கருப்பை வாய்க்கு உள்ளே வைத்துத் தரும் உள்வைப்புக் கதிர்வீச்சையும் சேர்த்து மொத்த சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பதால், தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்துவது நல்லதல்ல. குழாய் போடச் செலவாகும் சில நாட்களைத் தாமதமாக நினைக்காதீர்கள்.

இன்றே பொட்டாசியம் அளவைக் கேளுங்கள். 6.5ஐ எட்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். முதலில் டயாலிசிஸ் தேவைப்படலாம். சிறுநீர்ப் பிரச்சினை என்றதும் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுப்பது நம் வழக்கம். இப்போது இரண்டும் வேண்டாம், பொட்டாசியத்தை ஏற்றிவிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது.

கேள்வி: வெளியே பை தொங்காமல், உள்ளேயே ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்க முடியாதா?

பதில்: முயன்று பார்ப்பார்கள். கட்டி வெளியிலிருந்து இறுக்கும்போது பெரும்பாலும் ஸ்டென்டுக்கு வழிகாட்டும் கம்பியே நுழையாது. நுழைந்தாலும் ஸ்டென்ட் நசுங்கி அடைத்துக்கொள்ளும். முதுகு வழியாகப் போடும் அந்த நெஃப்ராஸ்டமி குழாயை, குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தே செருகுவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். பல நேரம் இரண்டில் ஓரளவு நன்றாக வேலை செய்யும் சிறுநீரகத்துக்குப் போட்டாலே போதும். கட்டி சுருங்கிய பிறகு அதே வழியாக ஸ்டென்ட் இறக்கிப் பையை எடுத்துவிட வாய்ப்புண்டு.

அடைப்பு திறந்ததும் மணிக்கு 200 மி.லி.க்கு மேல்கூடச் சிறுநீர் கொட்டலாம். நல்லதுதானே என்று விட்டுவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், உப்புகள் குறையும். ஒவ்வொரு மணிக்கும் அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு சலைன் ஏற்றுவது என்று முடிவாகும்.

கேள்வி: வீட்டில் குழாயை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. முக்கால் நிறையும் முன் காலி செய்யுங்கள். குழாயைத் தோலோடு ஒட்டிவையுங்கள். படுக்கையில் புரளும்போது இழுபட்டு உருவிக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் விபத்து. உருவிவிட்டால் திரும்பச் செருகப் பார்க்காதீர்கள். அன்றே போனால் அதே துளையில் மாற்ற முடியலாம். தாமதித்தால் துளை மூடிக்கொள்ளும்.

முதல் 2 நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக இருக்கலாம். பிறகும் செக்கச்சிவப்பாக வந்தாலோ, கட்டிகட்டியாக ரத்தம் வந்தாலோ கிளம்புங்கள். பையில் 2 மணி நேரமாக எதுவும் இறங்கவில்லை என்றால் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிமிர்த்தியும் வரவில்லையென்றால் மருத்துவமனைதான். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம் என்றால் இரவென்றும் பார்க்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

குழாயை ஏறத்தாழ 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே அடுத்த தேதியை எழுதி வாங்கிவிடுங்கள்.