டீக்கடை வரைக்கும் நல்ல பிள்ளை

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு இரண்டு வயது. வீட்டில் ‘உட்கார்’ என்றால் உட்காருவான். தெருமுனை டீக்கடை வந்துவிட்டால் யார் பேச்சும் காதில் விழாது. பைக் போனால் பாய்கிறான், தெருநாயைக் கண்டால் குரைக்கிறான். சங்கிலியைச் சுண்டி அதட்டியும் பார்த்துவிட்டேன். சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிற அளவுக்குப் பழக்க முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் அந்தச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். சிப்பிப்பாறை, முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய். ஓடுவது எதுவானாலும் பின்னால் பாயத் தோன்றும். அது திமிர் இல்லை, பிறவிக்குணம். பைக் வரும்போதெல்லாம் கழுத்தைச் சுண்டினால், ‘பைக் வந்தால் வலிக்கும்’ என்றுதான் அது புரிந்துகொள்ளும். வேடிக்கையாகத் துரத்தியது நாளடைவில் வெறுத்துக் குரைக்கும். இன்னொரு சிக்கல், இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம். கழுத்துப்பட்டை மட்டும் போட்டால், பின்னால் ஒரு இழு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். நெஞ்சோடு சேர்த்து மாட்டுகிற ஹார்னஸும் ஆறடிக் கயிறும் போதும்.

உங்கள் நாய்க்கு ‘உட்கார்’ மறக்கவில்லை. டீக்கடைப் பக்கத்தில் அதன் மூளைக்கு வேறு வேலை வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் பயிற்சியை டீக்கடையில் தொடங்காதீர்கள், டீக்கடை தூரத்தில் தெரிகிற இடத்தில் தொடங்குங்கள். எவ்வளவு தூரம்? அதைத் தீனி சொல்லும். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி எடுத்துப் போங்கள். பிஸ்கட் தெருவில் எடுபடாது. ஈரலை மென்மையாக வாங்கித் தின்றால் சரியான இடம். விரலோடு சேர்த்துப் பிடுங்கினால் பதற்றம் ஏறுகிறது. மோந்துகூடப் பார்க்கவில்லையா, ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள். திரும்பிப் பின்னால் போங்கள்.

காலை ஐந்தரைக்குப் போனால் கூட்டம் இருக்காது. ஒரு பைக் வருகிறது, நாய் அதைப் பார்க்கிறது. அந்த நொடியே ஒரு துண்டு ஈரல். உட்காரச் சொல்ல வேண்டாம், எதுவுமே சொல்ல வேண்டாம். அடுத்த பைக், அடுத்த துண்டு. பத்து நிமிடம் ஆனதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். சில நாளில், பைக்கைப் பார்த்த கையோடு ‘எங்கே ஈரல்?’ என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தீர்கள். மறுநாள் ஐந்தடி முன்னால் போய் நில்லுங்கள், பத்தடி வேண்டாம்.

கூடவே வீட்டில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு, அதில் படுத்தால் ஈரல் என்று பழக்குங்கள். நன்றாகப் பழகிய பிறகு அதே சாக்கு டீக்கடைக்கு வரட்டும். தெரியாத இடத்தில் அது ஒரு சாக்கு அகல வீடு.

தெருநாய் எதிரே வந்தால் கயிற்றை இறுக்காதீர்கள்; உங்கள் பயம் கயிறு வழியாக இறங்கும். நேருக்கு நேர் போகாமல் அரைவட்டமாக ஒதுங்குங்கள். கிட்டே வந்துவிட்டால் ஒரு கை தீனியை வருகிற நாயின் பக்கம் தரையில் வீசிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நாயைவிட மனிதர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். “கடிக்குமா சார்?” என்று கேட்டுக்கொண்டே தலையில் கை வைப்பார்கள். “பழகிக்கிட்டு இருக்கான், தொடாதீங்க” என்று சிரித்தபடியே குறுக்கே நின்றுவிடுங்கள். அந்த நேரத்தில் நாய் தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவதும், பசிக்காதபோதும் உதட்டை நக்குவதும் ‘போதும், போகலாம்’ என்பதற்கு அடையாளம். நான் ஒருமுறை அதைக் கவனிக்காமல் எங்கள் நாயைச் சந்தைக்குள் இழுத்துப் போனேன். அப்புறம் இரண்டு மாதம் அந்தத் தெருப் பக்கமே அவன் வரவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வேண்டாம். இந்த வருஷம் என்று இல்லை, எந்த வருஷமும். அதிர்வேட்டு, கொட்டு, தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டம், காலைச் சுடும் தார்ரோடு. நன்றாகப் பழகிய நாய்க்கே அது தாங்காது. அழகர் ஆற்றில் இறங்குவதை நீங்கள் போய்ப் பாருங்கள். அவன் ஃபேனுக்கு அடியில் சாக்கில் படுத்திருக்கட்டும்.