கட்டை விடுவதென்றால் சும்மா விடுவதல்ல

கேள்வி: கள்ளக்குறிச்சி பக்கம் இரண்டு ஏக்கரில் முதல் முறையாகக் கரும்பு போட்டு வெட்டி முடித்தேன். "மறுதாம்பு விடுங்கள், கட்டை சீவுங்கள், போக்கிடம் நிரப்புங்கள்" என்கிறார்கள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. விடலாமா?

பதில்: கரணை, அதாவது விதைக்கு நறுக்கிய கரும்புத் துண்டு, ஊன்றி வளர்த்தது நடவுக் கரும்பு. அதை வெட்டிய பிறகு அதே தூரிலிருந்து துளிர்ப்பது மறுதாம்பு. கட்டைக் கரும்பு என்பதும் இதுவே. விதைக்கரணைச் செலவு, உழவுச் செலவு மிச்சம். நடவைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே முற்றும்.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வயலில் மீந்து நிற்கும் கரும்பு ஒன்றிரண்டை நெடுக்காகப் பிளங்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, புளித்த வாடை அடித்தால் அது செவ்வழுகல். அப்படியென்றால் கட்டை விடவே விடாதீர்கள், நோய் தூரிலேயே தங்கிவிடும். புல் போலச் சன்னமாக வெளுத்த தூர்கள் நிறைய இருந்தாலும் விட வேண்டாம்.

சரி, வயல் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரும்பு வெட்டிய பத்து நாளுக்குள் கட்டை சீவ வேண்டும். அதாவது, வெட்டியபின் துருத்தி நிற்கும் அடிக்கட்டையை, கூர்மையான மண்வெட்டியால் தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே செதுக்குவது. கூலி மிச்சம் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பார்க்கவே மனசு கேட்காது. மேல் பருவில் (கணுவில் உள்ள மொட்டில்) வரும் துளிர் வலுவில்லாதது, வேரும் மேலாகவே ஓடும், காற்றடித்தால் சாயும். மண்ணுக்குள் இருக்கும் பருவிலிருந்து வருவதுதான் நிற்கும் கரும்பு.

அப்புறம் பாரின், அதாவது கரும்பு நிற்கும் மேட்டு வரிசையின், இரு பக்கத்தையும் லேசாக வெட்டிவிடுங்கள். பழைய வேர் அறுந்து புது வேர் இறங்கும். சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, கொளுத்தாமல் ஒரு சால் (பார்களுக்கு நடுவில் உள்ள பள்ளம்) விட்டு ஒரு சாலில் பரப்பினால் ஈரம் நிற்கும்.

போக்கிடம் என்பது தூர் செத்துப்போன இடம். கட்டை சீவிய 30 நாளுக்குள் நாற்றோ, நெருக்கமான இடத்திலிருந்து பிரித்தெடுத்த தூரோ வைத்து நிரப்புங்கள். தாமதித்து வைத்தால் பக்கத்துக் கரும்பின் நிழலில் அது எழும்பாது.

தழைச்சத்து நடவுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் கூடுதலாக வேண்டும். அந்தக் கூடுதலை, கட்டை சீவிய 5 முதல் 7 நாளுக்குள் யூரியாவாகக் கொடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு மண்ணாக இருந்து இளந்துளிர் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியாவைக் கொட்டாமல், 1 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை இலைமேல் தெளியுங்கள்.